லெச்சுமி பெரியம்மா வீட்டுக்குப் போன சனிக்கிழமை

போன வாரம் இரத்தினபுரியில் ஒரு தையல் கடையில் காத்திருந்தேன். சட்டைக் கையைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. தையல்காரம்மா மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ஒரு துண்டுத் துணியில் இரண்டு வரி ஓட்டிப் பார்த்தார். அந்த எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் அந்தக் கடையில் இல்லை. றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலின் பக்கத்து அறையில், மடியில் தடித்த புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். “மிஸ், இந்த அளவு போதுமா?” என்று அவர் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். போதும் என்று சொல்லி வைத்தேன். சட்டை இப்போது ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. குற்றம் என்னுடையதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். இருபத்திரண்டு வயது. வீடு ஓப்பநாயக்கவில். வாரம் முழுவதும் தோட்டத்தில் தங்கிவிட்டு, ஞாயிறு காலை பஸ்ஸில் வீட்டுக்குப் போவேன். சனிக்கிழமை பின்னேரங்களில் டவுனிலிருந்து இரண்டு சிஸ்டர்கள் வந்து கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துவார்கள். நானும் சேர்ந்தேன். முதல் நாளே ஒரு தலையணை உறையின் நான்கு பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். பெரிய சிஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தலையணையை எந்த வழியாக உள்ளே விடுவது என்று பணிவாகக் கேட்டார். அடுத்த வாரம், “நீங்க வாசிங்க டீச்சர், அவங்க தைக்கட்டும்” என்றார்.

அப்படித்தான் அந்த நாவல் என் கைக்கு வந்தது. கோயில் அலுமாரியில், பூசை உடைகளுக்கு அடியில், பூச்சி உருண்டை வாசத்தோடு கிடந்தது. அட்டையும் இல்லை, முதல் தாளும் இல்லை. எழுதியவர் யாரென்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்துப் பழைய கதை. தான் செய்த குற்றத்துக்குத் தன் நண்பன் தண்டனை அனுபவிக்க, வாய் திறக்காமல் இருந்துவிட்ட ஒருவன். அவனை நேசிக்கிற, ஆற்றங்கரையில் துணி வெளுத்துப் பிழைக்கிற ஒரு பெண். அவளுக்குச் செபப் புத்தகமும் அவனும்தான் உலகம்.

பெயர்கள் எனக்கே வாயில் நுழையவில்லை. பெண்கள் அதற்கு வழி கண்டார்கள். அவளுக்கு அந்தோணியம்மா என்றும், அவனுக்குப் படிச்ச தம்பி என்றும் பெயர் வைத்தார்கள். பனி கொட்டுகிறது என்று வாசித்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நான்கு மணிக்கெல்லாம் சன்னல் வழியே வந்து மேசை மேல் படுக்கும் எங்கள் பனிதான் அவர்களுக்கு அந்தப் பனி. எனக்கும் அதற்கு மேல் தெரியாது. இன்றைக்கும் அந்தக் கதை என் மனதில் தேயிலை மலைகளுக்கு நடுவில்தான் நடக்கிறது.

வகுப்பில் பதின்மூன்று பேர். அவர்களில் ரெஜினாவுக்கு இருபது வயது இருக்கும். சட்டைக்கு அவள் எடுக்கும், பொத்தான் நுழைக்கும் காசாவைச் சிஸ்டர்மார் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தோட்டத்தில் கிறிஸ்தவர்கள், வேதக்காரர்கள் என்போம், பத்துப் பன்னிரண்டு குடும்பம்தான். அதில் ஒரு குடும்பத்துப் பிள்ளை சவரிமுத்துவுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். உயிர்த்த ஞாயிறு, பாஸ்கா, கழிந்து கல்யாணம். அவன் தேயிலை ஃபெக்டரியில் வேலை. சிங்களம் கிராமத்து ஆட்களைப் போலவே பேசுவான், எழுதுவான். யாருக்கு எந்த விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் அவனிடம்தான் போவார்கள்.

அது யுத்த காலம். சந்தேகத்தின் பேரில் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பையன்களைப் பொலிஸ் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போவதற்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் போதும். மேல் லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த லெச்சுமி பெரியம்மாவின் ஒரே மகன் சந்திரன் அப்படித்தான் போனான். யாரோ சிங்களத்தில் பெயர் போடாமல் எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் அவன் வரவில்லை. பெரியம்மா கணவனை இழந்தவர். மகன் போன பிறகு கொழுந்து மலையில் யாரோடும் பேசமாட்டார் என்று சொல்வார்கள்.

ஒரு சனிக்கிழமை, படிச்ச தம்பி அந்தோணியம்மாவிடம் உண்மையைச் சொல்லும் இடத்தை வாசித்தேன். அவள் அவனை விரட்டவில்லை. எழுந்து வா, நானும் கூட வருகிறேன் என்கிறாள். மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ரெஜினா தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, “டீச்சர், அந்த எடத்த இன்னொருக்கா வாசிங்க” என்றாள். வாசித்தேன். வகுப்பு முடிந்ததும் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த சனிக்கிழமை செய்தித்தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள். முகம் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவள் முகம் போல இருந்தது.

நடுவில் நடந்ததை அவள் பிறகுதான் சொன்னாள். லெச்சுமி பெரியம்மா வரும் வழியைக் கண்டால் சவரிமுத்து வேறு வழியில் திரும்பிவிடுவதை அவள் முன்பே கவனித்திருக்கிறாள். கதையைக் கேட்ட மறுநாள் பீலியடியில் தண்ணீர் எடுக்கும்போது அவனிடம் நேராகவே கேட்டுவிட்டாள். முதலில் இல்லை என்றானாம். பிறகு குடத்துப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டானாம். திருவிழாவில் எல்லோர் முன்னாலும் சந்திரன் அவனை ஓங்கி அறைந்திருக்கிறான். அந்த ஆத்திரத்தில்தான் பெட்டிசத்தை எழுதியிருக்கிறான். ரெண்டு நாள் வைத்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தானாம்.

புத்தகம் திரும்பி வந்த அடுத்த சனிக்கிழமை, சிஸ்டர்மார் பஸ்ஸுக்குப் போன பிறகு, ரெஜினா என் கையைப் பிடித்து, “டீச்சர், நீங்களும் வாங்க” என்றாள். கோயில் படியில் சவரிமுத்து நின்றான். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி. தான் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டதாக மெதுவாகச் சொன்னான்.

“ஃபாதர்கிட்ட சொன்னது சாமிக்கு,” என்றாள் ரெஜினா. “லெச்சுமி பெரியம்மாவுக்கு யாரு சொல்றது?”

உண்மையைச் சொன்னால் எனக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. திருத்த வேண்டிய கொப்பிகள் இருக்கின்றன என்று ஒரு சாக்கைக்கூடத் தயார் செய்தேன். அவள் கையை விடவில்லை. மூன்று பேரும் பனிக்குள் மேல் லயத்துக்கு ஏறினோம். எதிரே வந்தவர்களின் தலைதான் முதலில் தெரிந்தது, பிறகுதான் ஆள்.

பெரியம்மா வாசலில் சுளகை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சவரிமுத்து நின்றபடியே சொன்னான். நாலே வாக்கியம். பெரியம்மாவின் விரல்கள் கொஞ்ச நேரம் கல்லைத் தேடிக்கொண்டே இருந்தன. பிறகு நிமிராமல் கேட்டார்.

“ஒன் கையாலயா எழுதுன?”

“ஆமா பெரியம்மா.”

“அந்தக் கையாலதான் இத்தன நாளும் சோறு தின்னியா?”

பெரியம்மா ரெஜினாவின் பக்கம் திரும்பினார். தெரிந்துகொண்டேயா இவனைக் கட்டப்போகிறாய் என்று கேட்டார்.

“நான் விட்டுட்டுப் போயிருந்தா இவரு இங்க வந்திருக்க மாட்டாரு பெரியம்மா,” என்றாள் ரெஜினா.

அவர் அடிப்பார், கத்துவார், லயமே கூடும் என்று நான் பயந்திருந்தேன். அவர் சுளகை உள்ளே வைத்துவிட்டு வந்து, எனக்குச் சிங்களம் அவ்வளவு வராது, என் பிள்ளையை வைத்திருக்கிறவர்களிடம் வந்து இதையே சொல் என்றார். திங்கட்கிழமை ஃபாதரோடும் பெரியம்மாவோடும் சவரிமுத்து போனான். சொன்னான். அவனையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

பாஸ்கா வந்து போனது. கல்யாணத்துக்கு எடுத்த சேலை பெட்டிக்குள் கிடந்தது. ரெஜினாவை லயத்தில் பேசாத பேச்சில்லை. அவளுடைய சொந்த அண்ணனே அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் கதையைத் தொடர்ந்து வாசித்தேன். தைக்கிறவர்கள், அந்தோணியம்மா செய்தது சரியா பிழையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை பிடித்தார்கள். யாரைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ரெஜினா குனிந்து பொத்தான் காசா எடுத்துக்கொண்டிருப்பாள்.

ஞாயிறு பஸ்ஸில் பெரியம்மாவையும் ரெஜினாவையும் பார்ப்பேன், உள்ளே இருக்கிறவர்களைப் பார்க்கப் போவார்கள். பெரியம்மா முன்னால், மடியில் மகனுக்கு ஒரு பார்சல். ரெஜினா பின்னால், மடியில் ஒரு பார்சல். வளைவுக்கு வளைவு பஸ் சாயும்போது இரண்டு பார்சலும் ஒன்றாகச் சாயும். ஒருநாள் பின் சீட்டில் மட்டும்தான் இடம் இருந்தது. பெரியம்மா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி வழியில் அவருக்குக் குமட்டியது. ரெஜினா தேசிக்காய் ஒன்றைக் கீறி அவர் மூக்கடியில் பிடித்து, மற்றக் கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள். பெரியம்மா அந்தக் கையைத் தள்ளிவிடவில்லை. பெல்மதுளை வரும்வரை அப்படியே கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

மூன்று மாதத்தில் சந்திரன் வந்துவிட்டான். எலும்பும் தோலுமாக. அடுத்த ஞாயிறு ரெஜினா தனியாகத்தான் போவாள் என்று நினைத்தேன். பஸ் நிறுத்தத்தில் பெரியம்மா நின்றார், கையில் வழக்கமான பார்சலோடு. அதைச் சன்னல் வழியே ரெஜினாவின் மடியில் வைத்து, “இது அவனுக்கு” என்றார். பஸ் ஏறவில்லை. நான் இறங்கிப் போய், மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். அந்த வயதில் அப்படியெல்லாம் கேட்பேன்.

“அது எனக்குத் தெரியல டீச்சர்,” என்றார். “பசியோட இருப்பான்ல.”

அதிலிருந்து ஏழு மாதம் கழித்துச் சவரிமுத்து வந்தான். கல்யாணம் அதே மாதா கோயிலில் நடந்தது. சந்திரன் வரவில்லை, அதற்கு முன்பே கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். அவர்கள் இரண்டு பேரும் பிறகு பேசிக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. பெரியம்மா வந்தார். பெஞ்சில் உட்காராமல் கடைசியில், சுவரோரமாக நின்றார். பூசை முடியும்வரை நின்றார்.

சவரிமுத்து எழுதுவதை விட்டுவிடுவான் என்று நினைத்தோம். விடவில்லை. பிள்ளைகள் உள்ளே இருக்கிற தாய்மார் ஓப்பநாயக்கவிலிருந்துகூடத் தேடி வருவார்கள். ஒவ்வொரு மனுவின் அடியிலும், எழுதியவர் என்று தன் முழுப் பெயரையும் லயத்து நம்பரையும் போடுவான். அதற்காக இரண்டு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து மறுபடியும் எழுதினான். ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவாள்.

பிறகு எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்து வேறு பக்கம் போய்விட்டேன். கடிதம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போடாத கூட்டத்தில் நானும் ஒருத்தி. யுத்தம் முடிந்த வருடக் கடைசியில்தான் மறுபடியும் அந்த மலைக்கு ஏறினேன். சிஸ்டர்மார் வருவது நின்று பல வருடமாகியிருந்தது. தையல் அறையில் உரமூட்டைகள் அடுக்கியிருந்தன. வகுப்பில் இருந்தவர்களின் பிள்ளைகள் கொழும்புப் பக்கம் உடுப்புத் தைக்கப் போய்விட்டார்கள். லெச்சுமி பெரியம்மா இறந்துவிட்டார். ரெஜினா குடும்பம் எம்பிலிப்பிட்டிய பக்கம் போனதாக ஒருவர் சொன்னார், இல்லை, வெளிநாடு என்றார் இன்னொருவர்.

பெரியம்மாவின் வாசலில், பின்னால் குடிவந்த ஓர் இளம் சிங்களப் பெண் கைக்குழந்தையோடு நின்றாள். சிங்களத்தில் பெயர்களைச் சொல்லி விசாரித்தேன். லெச்சுமி, சந்திரன், ரெஜினா, சவரிமுத்து. அவள் நல்ல மாதிரி. ஒவ்வொரு பெயரையும் தன் வாயில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். உள்ளே போய் மாமியாரிடமும் கேட்டுவிட்டு வந்தாள். அப்படி யாரும் இங்கே இருந்ததில்லையாம், வேறு தோட்டமாக இருக்கும் என்று சொல்லி, பால் விடாத ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள்.