வடக்குப் பதிப்பில் நான்கு மணி

பிற்பகல் மூன்று ஐம்பதுக்குத் திரையின் நடுவே ஒரு சாம்பல்நிறப் பெட்டி தோன்றியது. செயலி நின்றுவிட்டதாக அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த மரண அறிவிப்புப் பக்கம் காணாமல் போயிருந்தது.

நாட்டின் வடக்கே, கோலா கெத்திலில் என் வீட்டு முன்னறையில்தான் வேலை. பக்கம் இருப்பதோ கோலாலம்பூர் அலுவலகத்துக் கணினியில். எங்கள் பத்திரிகையின் பழைய எழுத்துரு அங்கே மட்டும்தான் உண்டு. அதனால் ஒரு செயலி வழியாக வீட்டுத் திரையில் அலுவலகக் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கம் கட்டுகிறோம்.

அன்று திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி. கூலிமில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். மறுநாள் மாலை நான்கு மணிக்கு வீட்டிலிருந்து எடுப்பதாக அறிவிப்பு வந்து, பக்கமும் அச்சகத்துக்குப் போய்விட்டது. பிறகு, மாலையில் ஃபாதருக்கு வேறு ஊரில் பூசை என்று தெரிந்து காலை பத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவருடைய மகள் என்னை அழைத்துச் சொன்னார். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். பேசும்போது பின்னால் நாற்காலிகள் இறக்கும் சத்தம் கேட்டது.

“சொந்தக்காரங்களுக்கெல்லாம் வாட்சாப் போட்டாச்சு அண்ணே. அப்பாவோட கூட்டாளிங்கதான் பிரச்சினை. வடக்கே ஜித்ரா பக்கம் இருக்காங்க, எஸ்டேட்ல ஒண்ணா வேலை செஞ்சவங்க. யார் நம்பரும் எங்ககிட்ட இல்ல. அவங்களுக்குப் பேப்பர்தான். நாலு மணின்னு போட்டா நாலு மணிக்குத்தான் வருவாங்க.”

“மாத்திடுறேம்மா. ஒரு நிமிச வேலை.”

வடக்கே போகும் பதிப்பு, தூரம் கருதி, முதலில் அச்சாகும். திருத்திய பக்கம் ஆறு மணிக்குள் போனால்தான் பழையதை மாற்றுவார்கள்.

செயலியை மறுபடி திறந்தேன். அலுவலகத் திரை வந்தது. சுட்டியை நகர்த்தியதும் மறைந்தது. இன்னொரு முறையும் அப்படியே. அலுவலகத்தில் இருந்த துணையாசிரியரைத் திறக்கச் சொன்னேன். பக்கம் என் பெயரில் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது, அவரை உள்ளே விடவில்லை என்றார். கணினிப் பிரிவில் இருக்கும் பெண்ணை அழைத்தேன்.

“உங்கள வெளியே தள்ளிவிட்டா ஃபைல் கெட்டுப்போகும் அண்ணே. அப்புறம் யாரோட அறிவிப்பும் வராது. ஆபீஸ் மெஷினுக்கெல்லாம் நேத்து சிஸ்டம் அப்டேட் போட்டோம். உங்க லேப்டாப்ல எப்ப போட்டீங்க?”

“நிறுத்தி வெச்சிருக்கேன்.”

“நீங்களுமா? உங்க டிபார்ட்மெண்ட் ஃபுல்லா இப்படித்தான் லா!”

அவர் சொன்னது உண்மை. முன்பொரு முறை அலுவலகத்தில் புதுப்பிப்பு நடந்த மறுநாள், எங்கள் எழுத்துக்களெல்லாம் வெற்றுக் கட்டங்களாகிவிட்டன. அன்றுமுதல் பக்கம் கட்டுகிறவர்கள் கை, கேட்காமலே ‘பிறகு’ என்ற பொத்தானுக்குப் போகும். புதிதாகச் சேருபவருக்கு முதலில் சொல்லித்தருவதும் அதைத்தான்.

“இப்ப போடுங்க. ரெண்டு மெஷினும் ஒரே அப்டேட்ல இருந்தா செயலி மூடிக்காது.”

போட்டேன். கோடு நகர்ந்தது, நின்றது. எழுந்து வாசலுக்குப் போனேன். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று போனது. தோட்டத்துக்கு மேலே வானம் கறுத்திருந்தது. திரும்பி வந்து பார்த்தேன், பாதி ஆகியிருந்தது. மறுபடி வாசலுக்குப் போனேன். இடி இடித்தது. உள்ளே வந்தபோது மனைவி சுவரிலிருந்த பிளக்குகளை வரிசையாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மோடம் அணைந்திருந்தது.

“அதை ஏன் புடுங்குன?”

“இடி காதுல விழலியா? பக்கத்து வீட்டு மோடம் கருகினது மறந்துபோச்சா?”

“பேப்பர் வேலை நடக்குது.”

“உங்க பேப்பர் நாளைக்கும் வரும். என் டீவி எரிஞ்சா யார் வாங்கித் தருவா?”

எங்கள் குடியிருப்பான இந்தத் தாமானில் இடி கேட்டால் எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும். அவர் மறுபடி செருக விடமாட்டார். கைபேசி இணைப்பு கேட் அருகே மட்டும் ஓரளவு கிடைக்கும். மடிக்கணினியை மோட்டார்சைக்கிள் இருக்கையில் வைத்து, சாரல் படாமல் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு புதுப்பிப்பின் மிச்சத்தை இறக்கினேன். திரை கறுத்தது. வட்டம் சுற்றத் தொடங்கியது. ஆறு மணிக்குச் சற்று முன் மகள் அழைத்தார்.

“போட்டாச்சா அண்ணே?”

“கம்ப்யூட்டர் வேலை செஞ்சுகிட்டு இருக்கும்மா.”

“மாத்துற வேலையா?”

“இல்ல. தன்னைத்தானே சரி பண்ணிக்கிற வேலை.”

“சரிதான். எங்கப்பாவும் அப்படித்தான். பஸ் வர்ற நேரத்துலதான் சவரம் பண்ண உக்காருவாரு.”

சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

கணினி திறந்தபோது மணி ஆறு பத்து. செயலி மூடிக்கொள்ளவில்லை. நான்கை அழித்துப் பத்து என்று அடித்து அனுப்பினேன். வடக்குப் பதிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, தெற்குக்கு மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள் அச்சகத்தில்.

மகளிடம் சொன்னேன்.

“அப்ப நாலு மணிக்கு யாராவது வீட்ல இருக்கணும். நானே இருக்கேன்.”

மறுநாள் காலை அடக்கம் முடிந்தது. மூன்றரைக்கு நான் கூலிம் போய்ச் சேர்ந்தேன். கூடாரத்தைப் பிரித்துவிட்டார்கள். ஒரு வரிசை நாற்காலியை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருந்தார் மகள். அதில் முதல் நாற்காலியில், கல்லறைக்கு அழைத்துப்போகக் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்பாக ஒரு டாக்சி வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட முதியவர் இருவர் மாலையுடன் இறங்கினார்கள்.