இரண்டு அடி போடவா என்று கேட்டார்

என் வீட்டுக்காரரிடம் கேட்க முடியாத ஒரு கேள்வியைப் பல வருடமாக ஊரில் இருக்கிற மற்ற எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவனை அடித்து வதைத்து உண்மையை வாங்குவது எப்போதாவது சரியாகுமா என்பதுதான் கேள்வி. அவரிடம் ஏன் கேட்க முடியாது என்றால், அவரையே அப்படி வதைத்திருக்கிறார்கள்.

யுத்த காலத்தில், எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், அவர் கண்டியில் ஒரு ஹார்ட்வெயர் கடையில் வேலை செய்தார். ஒரு சுற்றிவளைப்பில் பொலிஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தமிழ்ப் பையன், டவுனில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். சந்தேகப்படுவதற்கு அன்றைக்கு அவ்வளவு போதும். மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இவ்வளவும் என் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்ததே இல்லை. வலது கை தோளுக்கு மேலே எழும்பாது, பனியனைக் கழற்ற நான்தான் உதவ வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருமுறை, "அங்க என்னங்க செஞ்சாங்க?" என்று கேட்டுவிட்டேன். பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அதோடு விட்டுவிட்டேன். ஆனால் ஒரு விஷயம் தெரியாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும், பிறவிக் குணம் அப்படி.

எனக்கு அக்குறணையில் ஒரு பாமசியில் வேலை. மருந்துக்குக் காத்திருக்கிறவர்களுக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. நானும் டொக்டர் எழுதிய துண்டைப் பார்த்து மாத்திரையை எடுத்தபடியே, பேச்சை மெதுவாக அந்தப் பக்கம் திருப்புவேன். ஒருத்தன் பஸ்ஸில் குண்டு வைத்துவிட்டான், எந்த பஸ் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும், அவனை அடிக்கலாமா? சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். முக்கால்வாசிப் பேர் மருந்தை மறந்துவிட்டுப் பதில் சொல்வார்கள்.

முதலாளியிடமும் கேட்டேன். ஐவேளைத் தொழுகையும் தவறாத மனிதர். "அது ஹராம், தங்கச்சி. அல்லாஹ் தந்த ஒடம்பு, அதுல கை வெக்க ஆருக்கும் உரிமை இல்ல" என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது. கல்லாவைச் சாத்திவிட்டு மூச்சு விடாமல் அடுத்ததைச் சொன்னார்: "ஆனா போன நோன்புக்கு நம்மட கடைப் பூட்ட ஒடச்சானே ஒருத்தன், அவன எனக்கிட்ட கொஞ்ச நேரம் தந்தாப் போதும். எல்லாத்தையும் செல்ல வெப்பேன்."

குண்டசாலையில் எங்கள் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர் இருந்தார், ஓய்வு பெற்றவர். அவரும் அப்படித்தான். "அது பிழை, பிள்ளை. எந்தக் காலத்திலயும் பிழை" என்று அழுத்தமாகச் சொன்னார். "அப்ப பள்ளிக்கூடத்துல பிரம்பு?" என்றேன். "அது வேற. அது பிள்ளையள் திருந்திறதுக்கு" என்று தேநீரை ஊற்றத் தொடங்கிவிட்டார்.

அதைக் கேட்டதும் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கும்போது, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மத்த எடமெல்லாம் அடிங்க, சார்" என்றார். கோபமாக அல்ல, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னார். அன்று பிள்ளையைக் கூட்டிவந்த அப்பன்மார் எல்லாரும் அதையே சொன்னார்கள். நம்பி ஒப்படைக்கிறோம் என்பதை அப்படித்தான் சொல்லத் தெரிந்திருந்தது. எங்கள் மகளைச் சேர்க்கப் போனபோது என் வீட்டுக்காரர் என்ன சொல்லப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டார்.

இப்படிக் கேட்டுக் கேட்டு நான் கண்டது ஒன்றுதான். பொதுவாகக் கேட்டால் எல்லாரும் கூடாது என்பார்கள். ஆனால் ஆளுக்கொரு கள்ளன் இருந்தான், அவனுக்கு மட்டும் விதிவிலக்கு. அடி வாங்குகிறவன் தன் தம்பியாகவோ மகனாகவோ இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், இன்னும் நாலு பேரிடம் கேட்க வேண்டும் போலவும் இருக்கும்.

ஒருநாள் இரவுச் செய்தியில் ஒரு சிறுமியைக் கொன்றவனைக் காட்டினார்கள். ஆசிரியை வீட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். "இவனையெல்லாம் சும்மா விடக் கூடாது, அடிக்கிற அடியில..." என்று யாரோ தொடங்கினார்கள். என் வீட்டுக்காரர் கதிரையில் சாய்ந்தபடி, "அடிக்கத்தான் வேணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் மனசாரச் சொன்னாரா, ஊரோடு ஒத்துப்போனாரா? எத்தனை நாள் யோசித்தும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டர் களவு போனது. குழாயை இரும்பறுக்கும் வாளால் அறுத்து, சுத்தமாகக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் தேங்காய் பறிக்க வரும் ஓர் இளைஞன் அந்த வாரம் கிணற்றடியில் நின்றதைப் பார்த்ததாக பக்கத்தில் இரண்டு வீட்டார் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் முறைப்பாடு வேண்டாம் என்றுதான் இழுத்தார். இன்றைக்கு உங்கள் வீடு, நாளைக்கு எங்கள் வீடு என்று எல்லாரும் பிடித்துத் தள்ள, கடைசியில் பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தார். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன்.

சார்ஜன் நல்ல மரியாதையான மனிதர். "வாடிவென்ன, மஹத்தயா", உட்காருங்கள் ஐயா, என்று எங்கள் இரண்டு பேருக்கும் கதிரை போடச் சொன்னார். மூலையில் அந்த இளைஞன் உடுத்திருந்த சாரத்தை முழங்காலுக்குள் செருகிக்கொண்டு தரையில் குந்தியிருந்தான். மரம் ஏறி ஏறிக் காய்த்துப்போன பாதங்கள். சார்ஜன் அவனைத் திரும்பியும் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம் சிங்களத்தில் கேட்டார். "ஆள் வாயைத் திறக்கிறான் இல்லை. நீங்கள் சரி என்றால் இரண்டு அடி போடவா?"

சலூனில் முடியைக் கட்டையாக வெட்டவா என்று கேட்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். முறைப்பாட்டுக்காரரைக் கேட்காமல் கை வைப்பது முறையில்லை என்பது போலவும் இருந்தது. அந்த இளைஞன் நிமிர்ந்து என் வீட்டுக்காரரின் வாயையே பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அதைத்தான் பார்த்தேன். எத்தனையோ வருடமாகத் தேடிய பதில் இப்போது வந்துவிடும் என்று கதிரை நுனிக்கு நகர்ந்தேன்.

"மோட்டர் களவு போகல்ல, சேர்" என்றார் அவர், சிங்களத்தில்தான். "நான்தான் வித்தேன். குடிக்கிறதுக்கு. வீட்டுக்காரிக்குப் பயந்து களவு போச்சின்னு சொல்லிட்டேன்."

சாராயப் போத்தலைக் கையால் தொட்டறியாத மனிதர்! பொலிஸ்காரர்கள் எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். சார்ஜனுக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது. பொய் முறைப்பாட்டுக்கு உன்னைத்தான் உள்ளே போட வேண்டும் என்று மேசையைத் தட்டி, காது கூசும்படி ஏசினார். மஹத்தயா எல்லாம் போய், நீ, வா, போ என்கிற 'உம்ப' ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் கைகட்டித் தலைகுனிந்து நின்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று நானும் ஏசத் தொடங்கினேன். முதலில் நடிப்புத்தான். பாதியில் அது நிஜமாகிவிட்டது. இத்தனை வருடம் எனக்கு ஒன்றுமே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கும் சேர்த்து, தமிழும் சிங்களமுமாக அழுது அழுது ஏசினேன். கடைசியில் சார்ஜனே, "போதும் நோனா, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார். அந்த இளைஞனை எழுந்து போகச் சொன்னார். அவன் எங்களைப் பார்க்காமலே வெளியே போனான். மோட்டரை எடுத்தது அவனா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒழுங்கையில் செய்தி எங்களுக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தது. ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீர் பொறுமையா இரும், பிள்ளை. மெல்ல மெல்லக் குடியை விடுவார்" என்று ஆறுதல் சொன்னார். ஒழுங்கை முனையில் கடை வைத்திருக்கிறவர் அதற்குப் பிறகு என் வீட்டுக்காரருக்குக் கடன் கொடுக்கவில்லை. மரியாதையாக வாழ்ந்த மனிதர் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார்.

அன்று பொலிசிலிருந்து பஸ் ஏறப் போகும் வழியில்தான் அவர் பேசினார்.

"முறைப்பாட்ட வாபஸ் வாங்குறேன்னு சொன்னாப் போதாதாங்க?" என்று கேட்டேன்.

"பாவம் பாக்குறாருன்னு நெனைப்பாங்க. நம்மள அனுப்பிட்டு அடிப்பாங்க. களவே இல்லன்னாத்தான் விடுவாங்க." கொஞ்ச தூரம் நடந்தார். "அவங்கக்கிட்ட பொய் சொல்றது எனக்குப் பழக்கம்தான்."

நான் அவர் பக்கத்தில் ஒட்டி நடந்தேன்.

"குண்டு எங்க பொதச்ச, எங்க பொதச்சன்னு அடிச்சாங்க. நான் எங்கயும் பொதைக்கல. கடைசியில மகாவலி ஓரத்துல ஒரு மரத்தச் சொன்னேன். போயித் தோண்டினாங்க. தோண்டுற வரைக்கும் அடி இல்ல. இல்லன்னு தெரிஞ்சதும் வந்து அடிச்சாங்க. வேற எடம் சொன்னேன்." திடீரென்று சிரித்தார். "ஆத்தங்கரையில எத்தனையோ எடத்தத் தோண்ட வச்சிட்டேன், போ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் என் குணம் போகுமா? பஸ் தரிப்பிடத்துக்கு வந்ததும் கேட்டேவிட்டேன்.

"அப்ப டீவியில அவனப் பாத்துட்டு அடிக்கத்தான் வேணும்னு சொன்னீங்களே, அது பொய்யா?"

"இல்ல. அது நெஜமாத்தான் வந்துச்சு."

"இன்னைக்கு மோட்டர். சரி. நம்ம பாப்பாவ எவனோ தூக்கிட்டுப் போயி, எங்க வச்சிருக்கான்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும்னா?"

எங்கள் பஸ் வந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. அது போன பிறகு சொன்னார்.

"அப்ப என்னைய பொலிசுக்குக் கூட்டிட்டுப் போகாத. அந்த சார்ஜன் அதையேதான் கேப்பாரு. வேணாம்னு சொல்லுவேனான்னு எனக்கே தெரியல."