இல்லை என்று சொன்ன ஊர்

என் தம்பியைத் தெரியவே தெரியாது என்று சாதித்தவள் நான்தான். கூடப்பிறந்தவள் செய்கிற வேலையா இது?

கம்ப்யூட்டர் வேலை என்று தாய்லாந்துக்குப் போனவனை ஏஜெண்டின் ஆட்கள் ஆறு தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, போனில் ஊரை ஏமாற்றும் வேலையில் உட்காரவைத்தார்கள். அங்கே சோதனை நடந்த அன்று பலரோடு அவனும் தப்பி, திரும்ப ஆற்றைக் கடந்து தாய்லாந்து அதிகாரிகள் முன்னால் போய் நின்றான். அவர்கள் சோறு போட்டு நம் தூதரகத்துக்குத் தகவல் சொன்னார்கள். இரண்டு நாட்டு அதிகாரிகளும் தூதரகத்தாரும் கூடிப் பேசி, அவரவர் ஆட்களை அவரவர் நாட்டுக்கு அனுப்புவது என்று முடிவானது. ஊரிலிருந்து "எங்கள் ஆள்தான்" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது மூன்று மாதமாக அவனிடமிருந்து போனே இல்லை.

கல்வராயன் மலையில் எங்கள் ஊருக்கு முப்பது வீடு. சாமை அறுத்துக்கொண்டிருந்தபோது பைக்கில் ஒருவர் வந்தார். சாதாரணச் சட்டைதான். ஆனால் போலீஸ் கிராப்பை மறைக்க முடியுமா? செல்லில் போட்டோவைக் காட்டி, "இந்தப் பையன் இந்த ஊரா?" என்றார். தம்பி! இளைத்திருந்தான்.

எங்கள் மலையில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். ஆந்திரப் பக்கம் செம்மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்களைத் தேடி எத்தனையோ போலீஸ் ஜீப் வந்திருக்கிறது. விசாரணைக்குப் போனவர்கள் சுலபத்தில் திரும்பியதில்லை. "அப்புடி யாரும் இங்க இல்லீங்க" என்றேன். அடுத்த வீடும் அதையே சொன்னது. ஊரே ஒரே குரல். அவனைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு.

பத்தாம் நாள் தாய்லாந்திலிருந்து தம்பி போனில் பேசினான்.

"அக்கா, நம்ம ஊர்ல என்னை யாருக்கும் தெரியாதுன்னு எழுதி வந்துகீதாம். கூட இருந்தவங்கல்லாம் கெளம்பிக்கினு இருக்காங்க. நான் இன்னா பண்றது?"

மூன்று நாடு சேர்ந்து அவனை வாசல் வரை கொண்டுவந்துவிட்டது. கதவைச் சாத்தியவள் நான். அன்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை ஊரைக் கூட்டினேன். "பொய் சொன்னதுக்கு நம்மளையே உள்ள வச்சிட்டா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"வச்சா கம்பி எண்ணிக்கலாம், வா."

ரேஷன் கார்டு, அவனுடைய பள்ளிச் சான்றிதழோடு பதினோரு பேர் பிக்கப் வேனில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினோம். அங்கே போலீஸ் ஆபீசில் பைக்கில் வந்த அதே ஆள் இருந்தார்.

"ஏம்மா, அன்னிக்கு நீதான இல்லேன்ன?"

"ஆமாங்க, பொய் சொன்னேன். உங்களப் பாத்து பயந்துட்டேன். அவன் என் தம்பிங்க" என்று அழுதுவிட்டேன்.

"மலை ஏறி எறங்கினதுதான் எனக்கு மிச்சம்" என்று கடுகடுத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் புதிதாக எழுதினார். பதினோரு பேரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தோம்.

இரண்டு வாரத்தில், தூதரகம் கொடுத்த ஒரு தாளைப் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் காட்டித் தம்பி வந்து சேர்ந்தான்.

சில நாள் கழித்து மறுபடி அந்த பைக் வந்தது. "வந்துட்டானாம்மா?" என்றார். பழக்கதோஷம், "தெரியாதுங்க" நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் விழுங்குவதற்குள் நாலைந்து வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் குரல் வந்தது:

"இங்கதாங்க இருக்கான்!"