சம்பந்தியின் சர்க்கரை

வட்டாட்சியராக ஓய்வுபெற்றபோது எனக்கு ஓய்வூதியமும் சர்க்கரையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தன. ஓய்வூதியத்துக்கு மட்டும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

அரியலூரில் வீடு கட்டிக் குடியேறிய பின் காலையில் மைதானத்தில் நடக்கப் போவேன். அங்கே நடக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு மருந்து இருந்தது. ஒருவர் வெண்டைக்காயை நறுக்கி ஊறவைத்துக் குடிப்பவர். இன்னொருவர் பாகற்காய்க் கட்சி. மூன்றாமவர் செந்துறை சாலையோரத்தில் ஆவாரம்பூ பறித்துவந்து பழைய பேப்பரில் காயவைப்பவர். மூன்று பேரும் தங்கள் மருந்தால் சர்க்கரை அடியோடு போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே பல வருடங்களாக அதே மைதானத்தில் நடந்தார்கள்.

இந்தச் சூழ்நிலையில்தான் பெரம்பலூரில் ஒரு பெண் மருத்துவர் இதை ஆராயப் போகிறார் என்று தெரியவந்தது. சித்த மருத்துவத்தில் மேற்படிப்பு படிப்பவர். சர்க்கரைக்காரர்களைச் சீட்டுப் போட்டு இரண்டு குழுவாகப் பிரிப்பார். ஒரு குழு நடக்க வேண்டும். மற்றது நடப்பதோடு ஆவாரம்பூவும் நாவல்கொட்டையும் சேர்ந்த சூரணத்தைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். வழக்கமான மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது. எல்லோருக்கும் நடையை எண்ணும் வாட்ச் ஒன்று தருவார்கள். கடைசியில் எந்தக் குழுவுக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படித்த ஒரே ஆள் நான் என்று அந்தப் பெண் சொன்னார். இரண்டு இடத்தில் திருத்தமும் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்.

நான் சேர்ந்தது ஆர்வத்தில். என் சம்பந்தி, அதாவது என் மகளின் மாமனார், சேர்ந்தது வேறு வழியில்லாமல். கீழப்பழுவூர்க்காரர். வயலும் கொஞ்சம் முந்திரித் தோப்பும் வைத்திருப்பவர். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. வாசலில் யாரோ நிறுத்திவிட்டுப் போன பைக்கைப் பார்த்து, "வாங்க, ஏன் வெளியவே நிக்கிறீங்க" என்று உபசரித்த நிலையில் இருந்தார். இருக்கிற சர்க்கரையில் கண்ணில் கத்தி வைக்க மாட்டேன், இறக்கிக்கொண்டு வாருங்கள் என்று கண் மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார். இறங்கினால் பார்வை, இறங்காவிட்டால் பைக்கோடு பேச்சு என்பதுதான் அவர் நிலைமை. ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லி அழைத்துப் போனது நான்தான்.

சீட்டில் எனக்குச் சூரணமும் நடையும் வந்தது. அவருக்கு வெறும் நடை.

பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். அரியலூர் நெருங்கும்போது சம்பந்தி சொன்னார்.

"பொண்ணு குடுத்தவருக்கு மருந்து. பொண்ணு எடுத்தவன் நடந்து போகணும். நல்லாருக்கு சம்பந்தி."

"சீட்டுல வந்தது சம்பந்தி. நம்ம கையில என்ன இருக்கு?"

"நான் ஒண்ணும் தப்பா சொல்லல. நல்லாருக்குன்னுதானே சொன்னேன்."

வீட்டில் இதை என் மனைவியிடம் சொன்னேன். சீட்டுப் போட்டுப் பிரிக்கிற சமவாய்ப்பு என்றால் என்ன, அதில் ஏன் யாரும் கைவைக்கக் கூடாது என்பதையும் விளக்கினேன். முப்பது வருடமாக என் விளக்கங்களைக் கேட்கிற அதே முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

"சீட்டுப் போட்டா மொறை இல்லன்னு ஆயிடுமா?" என்றார். "அவங்க வூட்டுக்குக் கொடுக்காம நாம ஒண்ண வச்சுத் திங்கிறது எங்கயாவது உண்டா?"

"இது சீர்வரிசை இல்ல. சூரணம்."

"எதுவா இருந்தா என்ன."

விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். தினமும் காலையில் மனைவி காய்ச்சித் தந்ததைக் குடித்தேன். பரிசோதனைக்குப் போனபோது சூரணம் எப்படி இருக்கிறது என்று மருத்துவர் கேட்டார். கோப்பில் குறிப்பு எழுதுவதுபோல வரிசையாகச் சொன்னேன். முதலில் லேசான துவர்ப்பு. பிறகு வயிற்றில் ஒரு சூடு. பகல் முழுவதும் நல்ல சுறுசுறுப்பு. இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை என்றார் அவர். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

சம்பந்தியின் கணக்குதான் மருத்துவருக்குப் புரியவில்லை. வாட்ச்சின்படி எங்கள் எல்லோரையும்விட அதிகம் நடப்பவர் அவர்தான். ஒரு நாள்கூடத் தவறவில்லை. சர்க்கரையோ ஏறியிருந்தது.

"ஐயா, மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"வேளாவேளைக்குப் போட்டுடறேன் தாயி."

"சாப்பாடு?"

"கொறைச்சிட்டேன். காலையில நாலு இட்லி. அதுக்கு மேல தொடறதில்ல."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கண் மருத்துவமனையில் சம்பந்திக்குச் சொல்லியிருந்த தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் மறுபடியும் திருப்பி அனுப்புவார்கள் என்று மருத்துவர் கவலையோடு சொன்னார். ஒரு நாள் நேரிலேயே வந்து பார்க்கிறேன் என்றார்.

சொன்னபடி வந்தார். நானும் மனைவியும் உடன் போனோம். கீழப்பழுவூரில் சம்பந்தி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் வாட்ச் இல்லை. கழற்றி வைத்திருப்பார் என்று நினைத்தேன். அப்போது கோயிலிலிருந்து சம்பந்தியம்மா வேகமாக நடந்து வந்தார். வேர்த்திருந்தது. கையில் கண்ணாடி வளையல்களுக்கு நடுவே அந்த வாட்ச்.

"வாங்கண்ணே, வாங்கம்மா, உக்காருங்க. உங்களப் பாத்துட்டுதான் ஓடியாந்தேன். இன்னும் ரெண்டு சுத்து பாக்கி. முடிச்சிட்டு வந்துடறேன்."

மருத்துவர் மெதுவாகக் கேட்டார். "அம்மா, இந்த வாட்ச்ச நீங்களா கட்டிக்கிறீங்க?"

"ஆமாம்மா. அவருக்குக் கண்ணு தெரியல. ரோட்டுல இறங்குனா சிமெண்டு லாரி. லாரிக்காரனுக்கும் கண்ணு தெரியறதில்ல. அதான் அவருக்காவ நான் கோயில் பிராகாரத்துல நடந்துடறேன்."

"அவருக்காக நீங்க நடந்தா அவருக்கு எப்படிம்மா சர்க்கரை இறங்கும்?"

சம்பந்தியம்மா அந்தப் பெண்ணைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார்.

"அவருக்கு அம்மை போட்டப்ப சமயபுரத்துக்கு நடந்து வரேன்னு வேண்டிக்கிட்டாரு. எழுந்து நிக்க முடியல. நான்தான் நடந்தேன். அவருக்குத்தானே எறங்குச்சு?"

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. வருடாவருடம் சாலையோரமாக மஞ்சள் புடவையில் சமயபுரத்துக்கு நடப்பவர்களில் எத்தனை பேர் தங்களுக்காக நடக்கிறார்கள், எத்தனை பேர் மகனுக்கோ மாமியாருக்கோ நடக்கிறார்கள் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பலன் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். சம்மதப் படிவத்தில் நான் திருத்திய இரண்டு இடங்களில் இது வரவில்லை.

மருத்துவர் சம்பந்தியிடம் திரும்பினார். "அப்ப நீங்க நடக்கவே இல்லையா ஐயா?"

"நடக்கலதான். ஆனா மருந்து விடாம சாப்புடறேன் தாயி."

"உங்களுக்கு மருந்தே கிடையாதே?"

சம்பந்தி எங்கள் பக்கமாகக் கையைக் காட்டினார். கண் தெரியாததால் கை வேப்பமரத்தைக் காட்டியது. ஆனால் எல்லோரும் என் மனைவியைத்தான் பார்த்தோம்.

"நான்தான் கொடுத்தனுப்புனேன்," என்றார் என் மனைவி. "பொண்ணு வாழுற வூடு. அவருக்குக் கண்ணு ஆபரேஷன் ஆவணும். இவருக்கு என்ன அவசரம்?"

"அப்ப தினமும் நான் குடிச்சது?" என்று கேட்டேன்.

"கொழம்புத் தூளு. மொளகா போடாம அரைச்சது."

சம்பந்தியம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சம்பந்தி அடக்கவில்லை. "பகல் பூரா சுறுசுறுப்பா இருக்குன்னு சொன்னீங்களே சம்பந்தி" என்றார்.

மருத்துவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். சூரணக் குழுவில் இருந்த நான் நடந்தேன், குடிக்கவில்லை. நடைக் குழுவில் இருந்தவர் குடித்தார், நடக்கவில்லை. எங்களை அப்படியே சேர்த்திருந்தால் நடையால் சர்க்கரை ஏறும் என்று அவர் எழுத நேர்ந்திருக்கும். எங்கள் இருவர் பெயரையும் நீக்குகிறேன், காரணத்தையும் எழுதிவிடுவேன் என்றார். முறையான நடவடிக்கை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், ஒரு விளக்கம் கேட்டுவிட்டு.

கொண்டுவந்திருந்த கருவியில் சம்பந்தியம்மாவின் விரலையும் குத்திப் பார்த்தார். சர்க்கரை அப்பழுக்கில்லாமல் இருந்தது. அந்த வாசலில் குற்றம் சொல்ல முடியாத ரத்தம் அது ஒன்றுதான். அது ஆராய்ச்சியில் சேராதது.

கிளம்பும்போது சம்பந்தியிடம் சொன்னார். "ஐயா, இனிமே எனக்காக நீங்க எதுவும் செய்ய வேணாம். சூரணத்த நிறுத்துங்க. டாக்டர் எழுதுன மாத்திரை, ரெண்டு இட்லி, நடை. வேண்டுதல வேற ஆளு செய்யலாம். இத நீங்கதான் செய்யணும். இல்லன்னா கண்ண ஆபரேஷன் பண்ண மாட்டாங்க."

"எங்க நடக்குறது? கண்ணு தெரியலையே?"

"அம்மா நடக்குற எடத்துலயே. அவங்க கையப் புடிச்சிக்கிட்டு."

சம்பந்தி தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணத்தன்று மணவறையைச் சுற்றியபோது பிடித்த கை. அதற்குப் பிறகு ஊர் பார்க்கப் பிடித்ததாகச் சாட்சி இல்லை. கோயிலிலோ காலையில் ஊரே இருக்கும். என் துண்டைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று நான் முன்வந்தேன். "பொண்ணு குடுத்தவரு என்னை மாடு மாதிரி இழுத்துட்டுப் போவணுமா?" என்றார்.

இரண்டு நாள் வீம்பாக இருந்தாராம். மூன்றாம் நாள் காலையில் அவராகவே செருப்பைத் தேடியிருக்கிறார். கையைப் பிடிக்கவில்லை. சம்பந்தியம்மா முன்னால் போக, சம்பந்தி அந்த மெட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பின்னால் போனார். கல் தரையில் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும் என்று என்னிடம் ஏதோ பொறியியல் தகவல்போலச் சொன்னார். சர்க்கரை சொன்ன தேதிக்குள் இறங்கவில்லை. கண் மருத்துவமனையில் தேதியைத் தள்ளிப் போட்டார்கள். அடுத்த தேதிக்குள் இறங்கியது. அது நடையாலா, இட்லியாலா, அவர் மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்ததாலா என்று எங்கள் வீட்டில் யாரிடம் கேட்டாலும் வேறு வேறு பதில் கிடைக்கும்.

அந்தப் பெண் மருத்துவர் மற்றவர்களை வைத்து ஆய்வை முடித்துப் பட்டமும் வாங்கிவிட்டார். முடிவு என்ன என்று தொலைபேசியில் கேட்டேன். ஓரளவு பலன் தெரிகிறது, மேலும் ஆராய வேண்டும் என்றார். எங்கள் அலுவலகத்தில் இதைப் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதுவோம்.

முதல் கண்ணில் ஆபரேஷன் நடந்த மறுநாள் கட்டுப் பிரித்தபோது நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். சம்பந்தி முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க கெழவனாயிட்டீங்க சம்பந்தி."

ஆமாம் என்றேன். அடுத்ததாகத் தன் மனைவியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சம்பந்தியம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"என்னடி, இப்புடி எளைச்சுப் போயிட்ட? ஏதாவது சீக்கா?"

"ரெண்டு ஆளுக்கும் சேத்து நடந்தவ எளைக்க மாட்டாளா?"

அவர் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சம்பந்தியம்மா விடவில்லை.

"பாத்தது போதும். அந்தக் கறுப்புக் கண்ணாடிய எடுத்து மாட்டுங்க. வெளிச்சம் படக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

மாட்டிக்கொண்டார். ஆனால் முகம் மட்டும் அந்தப் பக்கமே இருந்தது.