டிராக்டருக்கு உள் விலை கிடையாது

மாட்டுத் தரகர் சுடலைமுத்து அண்ணாச்சியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, தென்காசி ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு காப்பிக் கடை பெஞ்சில். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்குக் காத்திருந்தார். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, தோள் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு, என் கையையும் உள்ளே இழுத்துக்கொண்டார். "அந்த உழவு மிஷினுக்கு உள் விலை என்னவே? இனிமே நான் யாருகிட்ட போய்ச் சொல்லப் போறேன்" என்றார். நான் பழைய விலையையே சொன்னேன். கையை உதறிவிட்டு, நம்பாத முகத்தோடு ரயிலேறினார். அந்த வாரமே போய்விட்டார்.

டிராக்டர் விற்கிற வேலையில் விலை கேட்க வருகிறவர்களுக்கு ஒருநாளும் குறைவில்லை. தையல் மிஷினோ இன்ஷூரன்ஸோ எதையோ ஒன்றை ஊர் ஊராகச் சுமந்து விற்றுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும். உங்கள் செருப்பும் என் செருப்பைப் போலத்தான் தேய்ந்திருக்கும்.

நுகத்தடி எங்கே?

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். தென்காசியில் ஆயில் இன்ஜினும் பம்பும் விற்கிற ஒரு கடையில் எழுத்து வேலை பார்த்தேன். முதலாளி கடையநல்லூர் ராவுத்தர். மதுரையில் யாரோ ஆசை காட்டி, ஒரு டிராக்டருக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தார். வைகாசிக் கடைசியில் தூத்துக்குடியிலிருந்து கூட்ஸ் வண்டியில் அது வந்து இறங்கியது. டயர் இல்லை, நாலும் இரும்புச் சக்கரம். பின் சக்கரங்களில் மண்ணைப் பிடிப்பதற்காக மண்வெட்டி போலப் பட்டைகள். அது ரோட்டில் ஏறினால் ரோடு பெயர்ந்துவிடும் என்று ரோட்டு வேலை மேஸ்திரி வந்து மறித்தார். கடைசியில் ரோட்டோரத்துப் புழுதியிலேயே ஓட்டிக் கடைக்குக் கொண்டுவந்தோம்.

விலை மூவாயிரத்து நூறு ரூபாய். நல்ல உழவு மாட்டு ஜோடி நூறு, நூற்றிருபதுக்குக் கிடைத்த காலம் அது. கம்பெனி விலை, ஒரு தம்படி குறையாது என்று பலகையில் எழுதிக் கடை வாசலில் மாட்டினார் முதலாளி. விற்கும் பொறுப்பை என் தலையில் வைத்தார். புரட்டாசி முடிவதற்குள் போகவில்லை என்றால் மிஷினைத் திருப்பி அனுப்பப் போவதாகவும், முன்பணம் போன நஷ்டத்தில் எனக்குச் சம்பளம் தர முடியாது என்றும் சொன்னார். கொழும்பில் கடை வைத்திருந்த என் மைத்துனன் அங்கே வரச் சொல்லி ஆள் மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தான். என் மனைவி செண்பகத்துக்கு அப்போது கைக்குழந்தை. நான் கப்பலேறினால் மூன்று வருஷமோ நாலு வருஷமோ, யாருக்குத் தெரியும். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

அன்றைக்கே முதல் ஆள் வந்தார். மேலகரத்துக்காரர். மிஷினை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். முன்னால் குனிந்து பார்த்தார், பின்னால் குனிந்து பார்த்தார். விலைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னிடம் நிதானமாகக் கேட்டார்: "மூவாயிரத்து நூறுன்னு போட்டிருக்கியளே, நுகத்தடி இதுல சேர்த்தியா, தனியா வாங்கணுமா?"

இலஞ்சி வயல்

விலையைச் சொன்னால் போதாது, உழுது காட்ட வேண்டும் என்றார்கள். டிரைவர் சேவியர் பாளையங்கோட்டைக்காரர், லாரி ஓட்டியவர். பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வித்தையை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். ஆனி மாதம், கார் நெல் நடவுக்காக வயலெல்லாம் தண்ணீர் கட்டியிருந்த நேரம். இலஞ்சியில் ஒரு பெரிய சம்சாரி தன் வயலில் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார். இரும்புச் சக்கரம் சேற்றில் என்ன செய்யும் என்று எனக்கும் தெரியாது, சேவியருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

பாதி வயல் போவதற்குள் பின் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. சேவியர் முறுக்க முறுக்க மிஷின் கிணறு தோண்டியது. நான் வேட்டியை மடித்துக்கட்டி இறங்கி, வரப்புக்கும் மிஷினுக்குமாக ஓடினேன். ஓடி என்ன செய்ய? கடைசியில் நாலு ஜோடி மாடு பூட்டி, கயிறு கட்டி இழுத்தார்கள். மாடுகள் கரையேற்றிய பிறகு வயல்காரர் சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "கணக்கப்பிள்ள, நீரு சொன்ன மூவாயிரத்து நூறு மிஷினுக்கு மட்டுமா, இழுத்துவிட்ட எட்டு மாட்டுக்கும் சேத்தா?"

குற்றாலச் சாரல்

நன்செய்க்கு ஆகாது, புன்செய் முதலாளிகளைப் பிடிப்போம் என்று ராவுத்தர் புது யோசனை சொன்னார். ஆடிச் சாரலுக்கு நிலமும் நீச்சும் உள்ளவர்கள் எல்லாரும் குற்றாலத்துக்கு வருவார்கள், அங்கே கொண்டுபோய் நிறுத்து என்றார். அருவிக்குப் போகிற பாதையில் ஓர் இடம் பிடித்து, மிஷினை நிறுத்தி, விலைப் பலகையையும் நட்டோம். சாரல் நிற்காமல் தூறியது. இன்ஜினில் பொறி கொடுக்கிற பாகத்தில் ஈரம் ஏறினால் ஸ்டார்ட் ஆகாது. தூறல் வலுத்தால் தார்ப்பாய் போட்டு மூடுவேன், விட்டால் எடுப்பேன். நாளெல்லாம் இதுதான் வேலை. மூடியிருக்கும்போதுதான் பெரிய மனிதர்கள் வருவார்கள், திறந்ததும் போய்விடுவார்கள்.

வந்தவர்களுக்கும் அருவியில் இருந்த அவசரம் மிஷினில் இல்லை. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் ஒரு துண்டோடு, குடை பிடிக்க ஓர் ஆளோடு நிற்பார்கள். ஐந்நூறு ஏக்கர் கரிசல் வைத்திருந்த ஒருவர் நெடுநேரம் நின்று கேட்டார். ஒருநாளைக்கு எத்தனை ஏக்கர் உழும், எண்ணெய் எவ்வளவு குடிக்கும், உதிரிச் சாமான் எங்கே கிடைக்கும் என்று எல்லாவற்றையும் விசாரித்தார். கொழும்புக் கப்பலிலிருந்து இறங்கிவிட்டதாகவே நினைத்தேன். ஏறி உட்கார்ந்து பாரும் என்று ஆசனத்தைத் துடைத்துக் காட்டினேன். அவர் அந்த இரும்பு ஆசனத்தை விரலால் தட்டிப் பார்த்தார். குடைக்காரனிடம் திரும்பி, "இந்த ரூவாய்க்குக் காரே வாங்கிரலாம்டே, உக்கார மெத்தையாவது இருக்கும்" என்றார்.

மூன்று விரலும் ஒரு விரலும்

ஆவணியில்தான் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் போனேன். மிஷின் விற்காததற்கு அவர் சொன்ன காரணம் எனக்குத் தோன்றாத காரணம். மாட்டுச் சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் துண்டுக்குள் இருக்கும். விரலைப் பிடித்துத்தான் பேரம். வாயால் சொல்லுவது சுற்றி நிற்கிறவர்களுக்கு, விரல் சொல்லுவதுதான் விலை. நீர் பலகையில் எழுதி ஊரெல்லாம் காட்டினால் அதை விலை என்று எவன் நம்புவான் என்றார். எனக்குச் சரியென்று பட்டது. ஆலங்குளத்துப் பக்கம் ஒரு சந்தைக்கு மிஷினைக் கொண்டுபோனோம். செவல்காட்டுச் சம்சாரி ஒருவரை அண்ணாச்சி கூட்டிக்கொண்டு வந்தார். துண்டு விழுந்தது. விலை அதே விலைதான் என்பதால் மூவாயிரத்துக்கு மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தேன். விட்டுவிட்டு, மிச்ச நூறுக்கு ஒரு விரலைப் பிடித்தேன். அவர் முகம் மலர்ந்தது. மறுபேச்சில்லாமல் வெற்றிலையில் ஒரு ரூபாய் அச்சாரத்தை வைத்து என் கையில் திணித்துவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணாச்சிதான் முதலில் சந்தேகப்பட்டார். சம்சாரியைத் தனியே கூப்பிட்டு விசாரித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. மாட்டுச் சந்தையில் ஒரு விரல் பத்து ரூபாய், உசத்தி மாடென்றால் நூறு. ஆயிரத்துக்கு விரல் கிடையாது, ஏனென்றால் ஆயிரம் ரூபாய்க்கு மாடு கிடையாது. என் மூன்று விரலை முன்னூறு என்றும் ஒரு விரலைப் பத்து என்றும் அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அச்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து அவர் சொன்னார்: "பாத்துக்கிடுங்கலே, முன்னூத்திப் பத்துதான் உள் விலை. மிச்சமெல்லாம் இவனுவ வாய் வெலை."

வாய்விட்டுக் கேட்ட விலை

அந்தப் பேச்சு எனக்கு முன்னால் சைக்கிளில் போனது. எந்த ஊரில் இறங்கினாலும் கண்ணடித்தார்கள், துண்டை நீட்டினார்கள். முன்னூற்றுப் பத்துச் சரக்குக்கு மூவாயிரம் கேட்கிற கடை என்று எங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. ராவுத்தர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். செண்பகம் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். புரட்டாசி பாதி போய்விட்டது. அப்போதுதான் ராயகிரியிலிருந்து ஆள் வந்தது.

அனுப்பியது உலகம்மாள் என்ற சம்சாரிப் பெண். புருஷன் போன மறு வருஷம் வெக்கை நோய் வந்து தொழுவத்து மாடுகளும் போய்விட்டன. மேற்கே இருந்த பெரிய புன்செய்க் காடு தரிசாகி, கோரை மண்டிக்கிடந்தது. அவளுடைய கொழுந்தன்மார் இரண்டு பேர், உன்னால் உழ முடியாது, எங்களிடம் குத்தகைக்கு விட்டுவிடு என்று நெருக்கிக்கொண்டிருந்தார்கள். விட்டால் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும். ஐப்பசி மழைக்கு முன்னால் உழ வேண்டும். மிஷினை ரோட்டோரமாகவே ஓட்டி, வழியில் தங்கித் தங்கிப் போய்ச் சேர்ந்தோம். சேவியர் கலப்பையை இறக்கினார். கோரை வேரோடு புரண்டது. காய்ந்த மண்ணில் அந்தச் சக்கரங்கள் ஓடியதைப் பார்த்தபோது, இலஞ்சியில் நான் பார்த்த மிஷினா இது என்றிருந்தது. ஊரே திரண்டு நின்றது.

மூத்த கொழுந்தன் முன்னால் வந்தார். மதினிக்காக நான் பேசுகிறேன் என்று துண்டை விரித்துக் கையை நீட்டினார். உள் விலை தெரியும் என்கிற சிரிப்பு முகத்தில் இருந்தது. நானும் வேறு வழி தெரியாமல் கையைக் கொண்டுபோனேன். உலகம்மாள் நாங்கள் நின்ற இடத்துக்கே நடந்து வந்து என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, கைய எடும். பொம்பளைக்குத் துண்டுக்குள்ள வெலை கிடையாது. அவுக கை பேசுனது எனக்கு என்ன தெரியும்? இங்கன நிக்கிற அத்தன பேரு காதுலயும் விழுதாப்புல சொல்லும்" என்றாள்.

குறைத்துச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. உள்ளதைச் சொன்னால் கூட்டம் சிரிக்கும், அவள் திரும்பிப் போவாள், நான் கப்பலேறுவேன். மூவாயிரத்து நூறு என்று சத்தமாகச் சொன்னேன். கூட்டம் சிரிக்கத்தான் செய்தது. கொழுந்தன், முன்னூற்றுப் பத்து மதினி, நம்பாதே என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஆலங்குளத்தில் சொன்னதும் இதே விலைதானா என்று என்னிடம் கேட்டாள். நான் சொன்னது இதேதான், விரல்தான் தப்பிப்போயிற்று என்றேன். அவள் நகையையும் கிழக்கே இருந்த கீழ்க்காட்டையும் கொடுத்து அந்த மிஷினை வாங்கினாள். பத்திரம் முடிந்து கிளம்பும்போது, ஏன் நம்பினாய் தாயி என்று கேட்டேன். "அத்தன பேரு முன்னால வெலையக் கூட்டிச் சொன்னீருன்னா, நாளைக்கு ஊரே உம்மப் பிடிச்சிரும். அவங்க சிரிச்சதுக்குக் குறைச்சிருந்தீருன்னா, மொதல்ல சொன்னது பொய்யின்னு நானே வாங்கியிருக்க மாட்டேன்" என்றாள்.

டிரங்குப் பெட்டி பரணுக்குத் திரும்பியது. செண்பகம் இருந்த வரைக்கும் அது கீழே இறங்கவில்லை. அவள் போய் இப்போது வெகுகாலமாகிவிட்டது. யுத்தம் வந்து மண்ணெண்ணெய் ரேஷனானபோது உலகம்மாள் மிஷினை நிறுத்திவிட்டு, அதற்குள் சம்பாதித்ததில் மாடு வாங்கினாள். கொழுந்தன்மாருக்குக் குத்தகை போகவில்லை. பிற்பாடு மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டதாகக் கேள்வி. யுத்தம் முடிந்து ரப்பர் டயரோடு வந்த புதிய வண்டிகளுக்கு விலை இரண்டு மடங்கு. அவற்றையும் நான்தான் விற்றேன், துண்டை மட்டும் தொடவில்லை. ஊரறிய விலை சொல்லி நான் முடித்த முதல் வியாபாரம் உலகம்மாளோடு முடித்ததுதான். பத்திரத்தில் வெறும் சர்வே நம்பர்தான் இருக்கிறது, ராயகிரியில் இன்றைக்கும் அவள் கொடுத்த அந்தக் கீழ்க்காட்டுக்குப் பெயர் மூவாயிரத்தான் காடு.