வேப்பிலை செருகிய புடவு

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது என் தாய்மாமா மேஸ்திரி ஆகியிருக்க வேண்டியவர். ஆகவில்லை. அதில் எனக்கும் பங்குண்டு என்பதை வீட்டில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. கோபித்துக்கொள்ளக்கூடியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இனிச் சொல்லலாம்.

கேரளம் என்று ஒரு மாநிலம் பிறந்த புதுசு. சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில், கூலி ஆட்களுக்கான வரிசை வீடுகளில், இருந்தோம். லயத்துக்குப் பின்னால் ஏறினால் பாறைச் சரிவில் வௌவால் புடவு. குகையை எங்கள் பக்கத்தில் புடவு என்போம். பூச்சி தின்கிற சின்ன வௌவால்கள் அதன் கூரை தெரியாதபடி தொங்கும். தோட்டத்தில் நாற்று வளர்க்கிற இடத்துக்கு அவற்றின் புழுக்கையை விட்டால் வேறு எரு கிடையாது என்பார் அப்பா. தை, மாசியில் பெண்கள் கூடையோடு போய் அள்ளி வருவார்கள். சித்திரையில் வௌவால்கள் குட்டி போடும். அதன் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் செய்வது போல, புடவு வாசலில் ஒரு வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவார்கள். எங்கள் குளிருக்கு வேம்பு வளராது. போடியிலிருந்து மலையேறி வருகிறவர்களிடம் சொல்லி வைத்து வாங்குவார்கள். ஆனி மழை பிடிக்கும்வரை அங்கே தீ மூட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது.

மாமா போடியிலிருந்து வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எட்டாவது வரை படித்தவர் என்பதால் இதெல்லாம் அவருக்குச் சிரிப்பாக இருந்தது. அந்த வருஷம் தோட்டத்துத் துரை புதுக்காடு திருத்தி நாற்றைக் கூட்டியிருந்தார். எரு பற்றவில்லை. மழைக்கு முன்னால் கொண்டுவந்து சேர்க்கிறவன்தான் இனி ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை மேஸ்திரி ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்று போடியில் ஒரு பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு எனக்கு அரக்கு நிறத்தில் பட்டுப்பாவாடை எடுப்பதாகப் பேச்சு. ஆக, மாமாவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எனக்கும் அந்த எரு வேண்டியிருந்தது.

கூட வர ஆள் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டார். நான் முன்னால் நடந்து வழி காட்டினேன். புடவு வாசலில் வேப்பிலை பாதி காய்ந்திருந்தது. மாமா அதைப் பிடுங்கினார்.

"வௌவாலுக்கு என்ன மருமகளே தீட்டு?"

எரு அள்ளும்போது மேலே விழுந்து பிடுங்காமல் இருக்க முதலில் புகை போட வேண்டும் என்றார். காய்ந்த புல்லைக் குவித்துப் பற்றவைத்து, அந்த வேப்பிலையையே அதன் மேல் போட்டார். புகை உள்ளே போனதும் கூரை முழுவதும் பெயர்ந்து பகல் வெளிச்சத்துக்குள் பாய்ந்தது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாமா சிரித்தார். அது அடங்கிய பிறகு உள்ளே ஏதோ சொட்டுகிற சத்தம் கேட்டது. ஊற்றுத் தண்ணீர் என்றுதான் நினைத்தோம். கிட்டே போய்ப் பார்த்தால் குட்டிகள். மயிர் முளைக்காதவை, ஈறு நிறத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரையிலிருந்து விழுந்துகொண்டிருந்தன.

மாமா வெறுங்காலாலேயே நெருப்பை மிதித்து அணைத்தார். துண்டில் குட்டிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகப் பாறையில் ஒட்டவைத்துப் பார்த்தார். ஒன்றிரண்டு பிடித்துக்கொண்டன. மற்றவை திரும்ப விழுந்தன. உச்சி வெயில் சாய்கிற வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தார். சாக்குகள் வெறுமனே திரும்பின. ஏலம் உலர்த்தும் அடுப்பில் கால் வைத்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னார். நானும் பார்த்ததாகச் சாட்சி சொன்னேன்.

அடுத்த தையில் கூடையோடு போன பெண்கள், புடவில் ஒரு வௌவால்கூட இல்லை என்று வெறுங்கூடையோடு வந்தார்கள். மலேரியாவுக்காக லயம் லயமாக மருந்தடித்துப் போனவர்கள்மேல் பழி விழுந்தது. நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. போடிப் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். என் பாவாடையும் அவளோடு போயிற்று.

மூன்றாம் வருஷம் மாசியில், விறகு பொறுக்கப் போன ஒரு சாயங்காலம் புடவு வாயிலிருந்து வௌவால்கள் கிளம்பிப் போவதைப் பார்த்தேன். பழைய கூட்டத்தில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் வந்துவிட்டன. விறகைப் போட்டுவிட்டு மாமாவிடம் ஓடினேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டுறாத மருமகளே. ஒங்க அம்மாகிட்டக்கூட."

அடுத்த வாரம், காலையில் ஆள் எடுக்கிற களத்தில் துரை அவரை நிறுத்திப் புடவில் ஏதாவது உண்டா என்று கேட்டார். இருந்தால் மேஸ்திரி இடம் இப்போதும் காலிதான் என்றார். அப்பாவுக்குக் காப்பித் தூக்கு கொண்டுபோன நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"காலியாத்தான் கெடக்கு தொரை," என்றார் மாமா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்கள் அங்கே போனால் பழைய தப்பு வெளியே வந்துவிடுமென்று பயப்படுகிறார், கோழை, என்று முடிவு கட்டினேன். அப்பாவிடம் போட்டுக்கொடுக்க நாலைந்து முறை வாய் வரைக்கும் வந்தது. ஏன் விழுங்கினேன் என்று தெரியவில்லை. பல மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாமா கடைசிவரை மேஸ்திரி ஆகவில்லை. அவர் கல்யாணம் நடந்தபோது நான் பாவாடை கட்டும் வயதையே தாண்டியிருந்தேன். இப்போது அவரை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்படியில்லை. துரை கேட்ட அந்த வருஷச் சித்திரையில் ஊருக்குப் போய்த் திரும்பியவரின் இடுப்புத் துண்டில் ஒரு வேப்பிலைக் கொத்து எட்டிப் பார்த்தது. லயத்தில் யாருக்குடா பிள்ளை பிறந்திருக்கு என்று அம்மா கேட்டாள். உடம்பெல்லாம் சிரங்கு, அரைத்துப் பூச வேண்டும் என்று சொல்லிவிட்டு, புழுதிக் காலோடு லயத்துக்குப் பின்னால் ஏறிப் போனார். நல்லா அரிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.