வாறன் என்று சொல்லிவிட்டுப் போன மாமா

என் வகுப்புப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு கடற்கரைக்குப் போனார்கள். நாங்கள் ஒரே மலைக்குப் போனோம். குளிர்காலத்திலும் அதே மலை, கோடையிலும் அதே மலை. ஸ்பெயினின் தெற்கே, பனிச்சறுக்குக்குப் பெயர்போன ஓர் ஊர் அது. லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பனிச்சறுக்குத் தெரியாது, பழகும் எண்ணமும் கிடையாது.

போனதற்குக் காரணம் மாமா. அம்மாவுக்கு இருந்த ஒரே தம்பி அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்தார். அவரை எப்படியாவது லண்டனுக்கு எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே நினைப்பு. மாமா லண்டன் விசா கேட்பதும் அதிகாரிகள் இல்லை என்பதுமாக வருடங்கள் ஓடின. தம்பி வர ஏலாவிட்டால் அக்கா போவதென்று அம்மா முடிவெடுத்தார். அப்பா கடையைச் சாட்டித் தப்பிக்கொண்டார். அகப்பட்டது நான்.

குளிர்காலப் பயணத்தை நினைத்தால் இப்போதும் பத்திக்கொண்டு வருகிறது. பனிமலை என்ற சொல்லைக் கேட்டதுமே அம்மா எனக்கு இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேலே ஜக்கெட், காதை மூடிய தொப்பி எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். அங்கே போனால் வெயில் கொளுத்துகிறது. சறுக்கி முடித்த சனங்கள் ரீசேட்டோடு சாய்கதிரையில் படுத்துச் சூரியக் குளியல் எடுக்கிறார்கள். நான் மட்டும் அவிந்துகொண்டிருந்தேன். தொப்பியைக் கழற்றினால் தடிமன் வருமாம், வெயிலில் நின்றால் கறுத்துப்போவேனாம். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் எப்படிப் பயப்படுவது என்று அம்மா சொல்லித் தரவில்லை. சறுக்கக் கேட்டபோது, "கால் முறிஞ்சால் ஆர் பாக்கிறது?" என்றதோடு கதை முடிந்தது.

ஆகவே எங்கள் பனிச்சறுக்கு விடுமுறை ஹோட்டலின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நடந்தது. மாமா வேலைக்கு இடையில் ஏப்ரனோடு ஓடிவருவார். அம்மா பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த மிளகாய்த்தூளையும் பருத்தித்துறை வடையையும் நீட்டுவார். இரண்டு பேரும் படியில் குந்தியிருந்து எனக்குத் தெரியாத ஆட்களைப் பற்றிக் கதைத்துக் கதைத்துச் சிரிப்பார்கள். அம்மா லண்டனில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உள்ளேயிருந்து யாரோ ஸ்பானியத்தில் கத்தியதும் மாமா எழும்புவார்.

கடைசி நாள் அப்படி எழும்பியவர் என் தொப்பியைத் தட்டி, "சரி மருமகள், மாமா வாறன்" என்றார்.

"எப்ப?" என்று கேட்டேன்.

"கெதியா" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

சீக்கிரமே வருவார் என்று நான் நம்பிவிட்டேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வினைச்சொல்லில் முழுப் புள்ளி. வாறன் என்றால் வருவது. நாங்கள் லண்டனுக்குத் திரும்பியதும் என் அலுமாரியில் பாதியை மாமாவுக்கென்று ஒதுக்கினேன். வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன். அம்மா அலுமாரியின் வெறும் தட்டுகளைப் பார்த்துவிட்டு அதன் கதவைச் சாத்தினார். விசா மறுபடியும் இல்லையென்று வந்த செய்தியை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மாமாவும் வரவில்லை. வகுப்பில் நான் பொய்க்காரியானதுதான் மிச்சம்.

கோடையில் பள்ளி விடுமுறை தொடங்கியதும், மறுபடியும் அதே மலை.

பனியில்லாத பனிச்சறுக்கு ஊரைப் போலச் சலிப்பான இடம் உலகத்தில் இல்லை. மண்ணிற மலை, பூட்டிய கடைகள், சறுக்குப் பாதை முழுக்க மாடுகள். இந்த முறை அம்மா எனக்குப் பருத்திச் சட்டைகள் மட்டும் கொண்டுவந்திருந்தார். ஆகவே பின்னேரங்களில் குளிரில் நடுங்கினேன். ஹோட்டல் பாதி மூடியிருந்தது. மாமா சுவருக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஏணியிலிருந்து இறங்கி இரண்டு கைகளையும் விரித்தார்.

"வாறன் எண்டு சொன்னீங்கள். ஏன் வரேல்லை?" என்றேன்.

மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார். "எடி பிள்ளை, எங்கட ஊரிலை போறவனும் வாறன் எண்டுதான் சொல்லுவான்."

"போறதுக்கு ஏன் வாறன் எண்டு சொல்லுவான்? போறதெண்டால் போறன். அதுதான் சரி."

"ரீச்சர் சொல்லிட்டா, இனித் திருத்தவேணும்" என்று மாமா அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார். அம்மா சிரிக்கவில்லை, மிளகாய்த்தூளை எடுக்கப் பெட்டிக்குள் குனிந்தார். அந்தக் கிழமை முழுவதும் நான் மாடுகளை எண்ணிப் பொழுதைப் போக்கினேன். அவர்கள் இருவரும் ஏணிக்குப் பக்கத்தில் இருந்து விசாவைப் பற்றியே கதைத்தார்கள். இனிக் கேட்டுப் பிரயோசனம் இல்லை என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும் நாள் மாமா பஸ் தரிப்பிடம் வரை பெட்டியைத் தூக்கி வந்தார். பஸ் வெளிக்கிடுவதற்கு முன்பே ஹோட்டலிலிருந்து அவருக்குப் போன் வந்துவிட்டது. நான் இருக்கையில் இருந்தேன், அம்மா பஸ்சின் படியில் நின்றார். மாமா யன்னலுக்குக் கிட்ட வந்து நிமிர்ந்து நின்று, எனக்கு சலூட் ஒன்று அடித்தார்.

"சரி ரீச்சர். மாமா போறன்."

சந்தோஷம் தாங்காமல் கைதட்டினேன். இந்தக் குடும்பத்தில் ஒருவராவது ஒழுங்காகத் தமிழ் கதைக்கிறாரே.

அம்மா படியிலிருந்து குதித்து இறங்கினார். மாமாவின் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பிடிச் சொல்லாதை!"

"பகிடிக்கு அக்கா. பிள்ளைக்காக..."

"பகிடியும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். வாறன் எண்டு சொல்லு."

சாரதி ஹோர்ன் அடித்தார். முன் இருக்கைக் கிழவிகள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அம்மா பிடியை விடவே இல்லை. "சொல்லடா, தம்பி. சொல்லு."

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "வாறன் அக்கா" என்றார். அதற்குப் பிறகுதான் அம்மா பஸ்சில் ஏறினார்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. முதன்முறையாக மனிதர் உண்மையைச் சொன்னார், அதையும் கெடுத்து மறுபடியும் பொய் சொல்ல வைத்துவிட்டாரே அம்மா! விமான நிலையம் வரை அம்மாவோடு கதைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். பஸ் வளைந்து வளைந்து மலையிலிருந்து இறங்கியது. அம்மா முகத்தை எதிர்ப்பக்க யன்னலுக்குத் திருப்பிக்கொண்டு, வாயைக் கையால் பொத்தியபடி குலுங்கிக்கொண்டிருந்தார். வளைவுகளில் வயிற்றைப் பிரட்டுகிறதாக்கும் என்று நினைத்து, கோபத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து, ஒரு சொப்பிங் பையை விரித்து அவர் மடியில் வைத்தேன்.